மூன்று நாள் திடலுக்கு வேலி

ஒரு நிகழ்ச்சிக்காகச் சில நாள்களுக்கு மட்டும் எழுப்பி, அது முடிந்ததும் பிரித்தெடுக்கும் தடுப்பே தற்காலிக வேலி. நிலையான வேலியில் பொருளின் விலையும் ஆயுளும் முதன்மையானவை என்றால், தற்காலிக வேலியில் நடுகூலி, பிடுங்குகூலி, வண்டி வாடகை, நட்ட நிலத்தைப் பழையபடி ஆக்கும் செலவு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அதன் விலையாகின்றன.

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்து வானம் பார்த்த ஊர்களில் கோயில் பொங்கல், நாடகம், கபடிப் போட்டி, மஞ்சுவிரட்டு ஆகியவை பெரும்பாலும் சுற்றுச்சுவரில்லாத பொட்டலிலோ நீர் வற்றிய கண்மாயின் உள்வாயிலோ நடைபெறுகின்றன. வேலி தேவைப்படும்போது திடலின் சுற்றளவை அளந்து, அவ்வளவு நீளத்துக்கும் ஒரே வகைத் தடுப்பை விலை பேசும் விழாக்குழு, தேவையற்ற பக்கத்தில் பணத்தைக் கொட்டி, தேவையான பக்கத்தைப் பலவீனமாக விட்டுவிடுகிறது. ஏனெனில் திடலின் ஒரு பக்கத்தை ஆடுகள் மோதும், மற்றொரு பக்கத்தைக் காற்று மோதும், மேடைக்கு முன்னால் கூட்டம் நெருக்கும், மாடு அவிழ்க்கும் இடத்தில் காளை பாயும். மலிவான வேலியைத் தேர்ந்தெடுக்க, எந்தப் பக்கத்தில் எது வந்து மோதும் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆட்கள் நடமாடாத பின்பக்கத்துக்குச் செலவில்லாத பொருள் சீமைக் கருவேல முள். வெட்டுகூலி தவிர வேறு செலவின்றிக் கிடைக்கும் இதை அடிமரம் உள்ளே, முள் வெளியே பார்க்குமாறு அடுக்கி, மேலே குறுக்குக் கம்பு வைத்து அழுத்தினால் ஆடும் மாடும் உள்ளே வருவதில்லை. எனினும் குழந்தைகள் ஓடும் பக்கத்திலும், நெரிசல் ஏற்பட்டால் மக்கள் வெளியேற வேண்டிய பக்கத்திலும் முள்ளையோ முள்கம்பியையோ வைப்பது எவ்வளவு மிச்சமானாலும் தகாது.

மற்றப் பக்கங்களுக்குப் பந்தல்காரர் வாடகைக்குத் தரும் சவுக்குக் கம்பே அடிப்படை. கடலூர், விழுப்புரம் மாவட்டக் கடலோரங்களில் பெருமளவில் பயிராகும் சவுக்கு சில ஆண்டுகளிலேயே நேராகவும் கெட்டியாகவும் வளர்ந்து வெட்டுக்கு வந்துவிடுவதாலும், ஒரே கம்பைப் பல விழாக்களில் திரும்பத் திரும்ப நடலாம் என்பதாலும் அதன் வாடகை கட்டுப்படியாகிறது. கம்பின் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்கேனும் மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஆனால் அந்த ஆழம் போதுமா என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல், ஈரம் பட்டால் உப்பியும் காய்ந்தால் சுருங்கியும் போகும் களித்துகள்களால் ஆனது. கோடையில் கடப்பாரை இறங்காத அளவுக்கு இறுகிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே மண், ஒரு கோடைமழை பெய்ததும் குழைந்து கம்பைச் சாயவிடுகிறது. எனவே கரிசலில் குழியைச் சற்று அகலமாகத் தோண்டி, கம்பைச் சுற்றிச் செங்கல் துண்டும் சரளையும் போட்டு இடிப்பது நல்லது. குழி தோண்ட முடியாத இடத்தில் இரு பக்கமும் முளையடித்து இழுகயிறு கட்டலாம், ஆனால் இரவில் கால் தடுக்காதபடி அந்தக் கயிற்றில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும். குறுக்குக் கம்புகளைக் கட்ட நைலானைவிடத் தேங்காய்நார்க் கயிறே ஏற்றது, ஏனெனில் அதன் சொரசொரப்பு கம்பை வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது.

கம்புகளுக்கிடையே எதைக் கட்டுவது என்பதில் பலரும் தவறுவது காற்றைக் கணக்கில் கொள்ளாததால்தான். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதாவது வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். எட்டடி உயரமும் பத்தடி அகலமும் உள்ள ஒரு தகரத் தடுப்பை மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று ஏறத்தாழ 44 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் தள்ளுகிறது என்றால், 72 கி.மீ. வேகத்தில் அது 176 கிலோவாக உயர்கிறது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் பொட்டல் வெளியில் தகரம் அடிக்கும் குழு வேலிக்குப் பதிலாகப் பாய்மரத்தை நட்டுவைக்கிறது என்றே சொல்ல வேண்டும். நாற்றங்கால்களில் பயன்படும் பச்சை நிழல்வலை இங்கே கைகொடுக்கிறது. எத்தனை விழுக்காடு வெயிலை மறைக்கும் என்ற அளவில் விற்கப்படும் அந்த வலையில் 50 விழுக்காட்டு வகையை வாங்கினால், பார்வை ஓரளவு மறைவதோடு காற்றின் ஒரு பகுதி ஊடே புகுந்து போய்விடுகிறது. விழா முடிந்தபின் அதைச் சுருட்டி அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம், அல்லது நாற்றங்கால் வைத்திருப்போருக்கு விற்றுவிடலாம். டிக்கெட் வாங்காதவர் எட்டிப் பார்ப்பதைத் தடுக்க மட்டும் தகரம் வேண்டுமென்றால், வாசலை ஒட்டிச் சில கஜத்துக்கு அடித்தால் போதும்.

மேடைக்கு முன்னால் நிலைமை தலைகீழ். அங்கே உயரமான வலையோ தகரமோ உயிருக்கே ஆபத்தானது. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில், உயர்ந்த கம்பி வேலிக்கும் பின்னாலிருந்து வந்த கூட்டத்துக்கும் இடையே நசுங்கி 97 பேர் இறந்தனர். அதற்குப் பின்னரே அந்நாட்டு அரங்குகளில் அத்தகைய வேலிகள் அகற்றப்பட்டன. எனவே முன்வரிசைத் தடுப்பு நெஞ்சளவு உயரத்துக்கு மேல் போகாமல், மூச்சு முட்டுபவரைத் தொண்டர்கள் அப்பால் தூக்கிவிடத் தக்கதாகவும், மேடைப் பக்கத்தில் சாய்வான முட்டுக்கம்புகளுடன் கூட்டத்தின் எடையைத் தாங்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும். வாசலின் அகலத்தையும் வேலியோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்புக் கையேடு, சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்று கொள்கிறது. அதன்படி 2,000 பேர் மூன்று மீட்டர் வாசல் வழியே வெளியேற எட்டு நிமிடத்துக்கு மேலாகும். ஒரு வாசல் அடைபடவும் கூடும் என்பதால் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு வாசல்கள் வைப்பதே முறை. அவற்றின் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். விழா நேரத்தில் பூட்டு தொங்கக் கூடாது.

காளை அவிழ்க்கும் திடலுக்குச் சிக்கனம் பார்க்க இடமில்லை. 300 கிலோ எடையுள்ள காளை நொடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் மோதினால், நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஓடிவரும் 60 கிலோ மனிதரைவிட ஏறத்தாழப் பதின்மூன்று மடங்கு ஆற்றலுடன் மோதுகிறது. ஜல்லிக்கட்டு விதிமுறைகள் இரட்டைத் தடுப்பைக் கேட்பது இதனால்தான். முதல் வரிசை மோதலை வாங்கி வளைய, இடைவெளி விட்டு நிற்கும் இரண்டாம் வரிசை பார்வையாளரைக் காக்கிறது.

கீற்றுத் தட்டி மலிவானது, கண்ணுக்கும் குளிர்ச்சியானது. ஆயினும் 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமணக் கூரைப்பந்தல் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை எண்ணினால், அதை அடுப்பு, வெடி, மின்கம்பி ஆகியவற்றின் அருகே கட்டலாகாது என்பது விளங்கும். நிழல்வலையும் தீப்பற்றி உருகக் கூடியதே.

பிரிக்கும் கூலியையும் குழி மூடும் கூலியையும் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். மூடப்படாத குழியில் மேய்ச்சலுக்கு வரும் ஆடுமாடுகளின் கால் ஒடியும். சீமைக் கருவேல முள்ளையோ நெற்றுடன் அப்படியே விட்டால், நெற்றைத் தின்னும் ஆடுகள் விதையை ஊர் முழுக்கப் பரப்பிவிடும் என்பதால், மறுநாளே அதைக் கரிமூட்டம் போடுவோருக்கோ விறகுக்கோ கொடுத்துவிடுவது நல்லது.