பெரிய பாதைக்குக் கால்களைப் பக்குவப்படுத்துதல்

கார்த்திகை முதல் நாளில் மாலை அணிந்து, மண்டல பூசைக்கோ மகரவிளக்குக்கோ சபரிமலை செல்லும் அன்பர்கள் நன்னிலம் வட்டாரத்தில் ஊர்தோறும் உளர். அவருள் பெரும்பாலோர் பம்பை வரை வாகனத்தில் சென்று, அங்கிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் மலையேறித் தரிசித்துத் திரும்புகின்றனர். எருமேலியில் இறங்கிப் பெரிய பாதை வழியே காட்டினூடு நடப்பவர் சிலரே. அச்சிலரை முன்னிட்டே இதனை எழுதுகிறோம்.

பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை ஆறு, கல்லிடும் குன்று, முக்குழி, கரிமலை, பெரியானை வட்டம், சிறியானை வட்டம் என்று செல்லும் இவ்வழி, பம்பையை அடையுமுன் 35 கிலோமீட்டருக்குக் குறையாது. இதன் பெரும்பகுதி, 1978ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற பெரியாறு வனத்தைச் சார்ந்தது. யானைகள் உலவும் காடு. அழுதை மேடும் கரிமலையும் செங்குத்தானவை.

நம் உழவர்க்கு நடை புதிதன்று. ஆயினும் நாம் நடப்பது சமவெளியில். வரப்பிலும் சாலையிலும் நாள் முழுதும் நடக்க வல்லவரும் கரிமலையில் தளர்ந்துவிடக் காண்கிறோம். ஏறும்போது மூச்சு வாங்குகிறதென்று எல்லோரும் அஞ்சுகின்றனர். உண்மையில் தொடையையும் முழங்காலையும் வருத்துவது இறக்கமே. இறங்கும்போது உடலின் பாரத்தைத் தொடைத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவ்வேலைக்குப் பழகாத தசை அன்று ஒன்றும் சொல்லாது. மறுநாள் காலையில்தான் வலிக்கும். முன்னரே சிறிது சிறிதாகப் பழக்கினால் அவ்வலி பெரிதும் குறையும். விரத நாட்கள் 41 இருக்கின்றன. நீராடலிலும் உணவிலும் காட்டும் ஒழுங்கில் ஒரு பங்கைக் கால்களுக்கும் அளித்தல் வேண்டும்.

மலையில்லாத ஊரில் இறக்கத்திற்கு எங்கே போவது? முடிகொண்டான் ஆற்றங்கரைச் சரிவு இருக்கிறது. காலையில் 3 கிலோமீட்டர் நடந்தபின் கரையில் இருபது முறை ஏறி இறங்குக. வாரந்தோறும் தூரத்தையும் எண்ணிக்கையையும் சற்றே கூட்டுக. நான்காம் வாரத்தில் நாலைந்து கிலோ நெல்லைத் துணியில் முடிந்து தலையில் வைத்துப் பழகலாம். கதிர்க்கட்டுச் சுமந்த கழுத்துக்கு இது பொருட்டன்று. கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்திருப்போர்க்கே இது மிகவும் தேவை. இருமுடியை ஒரு கை பற்றியிருக்குமாதலின், மறு கையில் தடியூன்றி இறங்கவும் பழகுதல் நன்று. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு, குழுவாகச் சன்னாநல்லூர் வழியே திருவாரூர் வரை நடந்து, பேருந்தில் திரும்பிப் பார்க்கலாம். யார் பின்தங்குகிறார் என்பது ஊர்ச்சாலையில் தெரிந்துவிடுவது நல்லதல்லவா?

அடுத்தது பாதம். விரதம் தொடங்குவதும் வடகிழக்குப் பருவமழை பொழிவதும் ஒரே காலம். சம்பா வயலில் நிற்பவர் விரலிடுக்குகளில் சேற்றுப்புண் தோன்றும். அதனோடு கல்லும் வேரும் நிறைந்த பாதையில் வெறுங்காலுடன் நடப்பது பெருந்துன்பம். வயலிலிருந்து கரையேறியதும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமறத் துடைத்தல் வேண்டும். மருதாணி அரைத்துப் பூசுவது நம் வீடுகளின் வழக்கம். சீழ் பிடித்திருப்பின் அதை நம்பியிராது ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து பெறுக.

நீரிழிவு உடையவர்க்குத் தனியே சொல்ல வேண்டும். அந்நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குன்றும். முள் தைத்தாலும் தெரியாது. சிறு கீறல் புண்ணாகி, காலையே எடுக்கும்படி நேர்ந்தோர் உளர். அன்னோர் வழக்கத்தைக் கருதித் தயங்காமல் செருப்பணிந்தே நடத்தல் வேண்டும். மாத்திரையை உண்டு, உணவை விடுத்து மலையேறலும் ஆகாது. நாற்பது வயதைக் கடந்தோர் மாலையணியுமுன் அரசு மருத்துவமனையில் இரத்த அழுத்தமும் இருதயமும் சோதித்துக்கொள்க. பம்பைக்கு மேல் நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் பருவகாலத்தில் இருதய சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. கரிமலைக் காட்டிலோ உதவி வந்துசேரச் சற்று நேரமாகும். மார்பில் இறுக்கம் தோன்றினால் அவ்விடத்திலேயே அமர்ந்துவிட வேண்டும்.

சுமையைக் குறைத்துக்கொள்க. வழியில் தற்காலிகக் கடைகள் இருப்பதால் அரிசி மூட்டை வேண்டா. தண்ணீர்ப் பாத்திரம், கைவிளக்கு, போர்வை, வழக்கமான மருந்துகள், அட்டைக்கு உப்பு ஆகியன போதும். பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடையுண்டு. பிற்பகலுக்குப்பின் வனத்துறையினர் பாதையில் விடுவதில்லை. அவ்வாண்டு அறிவிக்கப்படும் நேரத்தை முன்பே கேட்டறிந்து, விடியலில் நடையைத் தொடங்குவதே முறை.

மகரவிளக்கு முடிந்து திரும்புகையில் சம்பா அறுவடை நெருங்கியிருக்கும். காலில் ஆறாத கீறலுடன் வயல்நீரில் இறங்கலாகாது. எலியின் சிறுநீர் கலந்த நீர் அக்கீறல் வழியே எலிக்காய்ச்சலைத் தரும். புண் ஆறும்வரை களத்துமேட்டு வேலையைப் பார்த்துக்கொள்க.