சுவீடிய உடன்பிறந்தார் பெயர்களும் தமிழ் ஒலிபெயர்ப்பும்

சுவீடனில் குழந்தைக்கு இடப்படும் பெயர் அதன் உடன்பிறந்தார் பெயரோடு இயைகிறதா என்பது பெற்றோரும் உற்றாரும் ஆராயும் செய்திகளுள் ஒன்றாகும். 2017 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள ஆட்பெயர்ச் சட்டம், பிறரைப் புண்படுத்தும் பெயர், தாங்குபவர்க்கு இன்னல் தரும் பெயர் போன்றவற்றை விலக்குகிறது. உடன்பிறந்தார் பெயரியைபு பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. அவ்வியைபு வழக்கையும் செவியையும் சார்ந்தது. சுவீடியக் கதைகளைத் தமிழாக்குவோர் பெயர்களைத் தனித்தனியே எடுத்தெழுதும்போது முதலில் கெடுவதும் அதுவே.

இவ்வழக்கு தொன்மையுடையது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய இங்லிங்கா சாகாவில், சுவீடிய அரசன் ஆக்னியின் மைந்தர் அல்ரிக், எரிக் எனப்படுவர். ‘ரிக்’ என்னும் ஈற்றுக்கூறு இருவர்க்கும் பொது. முதலெழுத்துகள் வேறாயினும் பழஞ்செர்மானிய யாப்பில் எவ்வுயிரும் எவ்வுயிரோடும் மோனையாகும். தமிழ் யாப்பிலோ உயிர்களுள் அகரத்துக்கு ஆ, ஐ, ஔ என்பனவே இனம். எனவே இவ்விணையின் மோனை தமிழ்ச் செவிக்குப் புலப்படாது, ஈற்றியைபே எஞ்சும்.

இக்காலத்தில் முழு இயைபு பெரிதும் விரும்பப்படுவதில்லை. எல்லா, பெல்லா என அக்கை தங்கையர்க்குப் பெயரிடின் அது மிகையாகத் தோன்றும். ஒலியினும் காலச்சாயலே கூர்ந்து நோக்கப்படுகிறது. அர்விட், சிங்னே ஆகியன ஏறத்தாழ நூறாண்டுக்குப்பின் மீண்டும் வழக்கேறிய பெயர்கள். ஆதலின் இணையாக நிற்கும். இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சாயலோடு பரவிய ரொன்னி என்பது சிங்னேயின் அருகில் பொருந்தாது என்பர். இதனை விதியாகக் கொள்ளுதல் தவறு. எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரேனின் உடன்பிறந்தார் குன்னர், ஸ்டீனா, இங்கெயெர்ட் ஆவர். நால்வருள் மூவர் பெயர் பழநோர்சு மொழி வழியின. ஸ்டீனா மட்டும் கிறித்தவப் பெயரான கிறிஸ்டீனாவின் குறுக்கம். அக்குடும்பத்தில் இஃது எவர்க்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் மயக்குவது எழுத்துக்கும் ஒலிக்குமுள்ள வேறுபாடு. சுவீடிய மொழியில் முன்னுயிர்க்கு முன்வரும் ககர எழுத்து பெரும்பாலும் அண்ணச்சாயல் பெறும். அதன் ஒலிப்புடை இணை யகரமாகும். ‘கோரன்’, ‘ஜோனாஸ்’ எனத் தமிழில் எழுதப்படும் அண்ணன் தம்பியர் உண்மையில் யோரன், யூனாஸ் என்றே அழைக்கப்படுவர். அவர்தம் மோனை எழுத்தில் மறைந்து ஒலியில் நிற்கிறது. மறுதலையாக, கல்லே, கெர்ஸ்டின் என்பவற்றில் எழுத்து ஒன்றாயினும் ஒலி ஒன்றன்று. பின்னது ஷெஷ்டின் என்பதற்கு நெருங்கியது.

ஓரிடத்தில் தமிழெழுத்து ஆங்கிலத்தினும் நன்கு உதவுகிறது. லிண்ட்கிரேனின் புல்லர்பீன் சிற்றூர்க் கதைகளில் வரும் மூவர் லஸ்ஸே, புஸ்ஸே, லீஸா. முதலிரண்டும் லார்ஸ், பூ என்னும் பெயர்களின் செல்ல வடிவங்கள். சுவீடியத்தில் நெடிலின்பின் ஒற்றை மெய்யும் குறிலின்பின் நீண்ட மெய்யும் வரும். தமிழில் நெடிலும் இரட்டித்த மெய்யும் அவ்வேறுபாட்டை அப்படியே காட்டும். சொல்லீற்றில் குறில் எகரம் வாராமையின் ஏகாரம் கொள்ளப்படுகிறது. ஆங்கில வழியாக வந்து ‘லாசி, பாசி, லிசா’ என எழுதின், லீஸாவின் நெடிலும் அண்ணன்மார் இருவர் பெயரிலுள்ள இரட்டித்த மெய்யும் ஒருங்கே மறைந்துவிடும்.