கண்ணாடியை வகுப்பறைக்குக் கொண்டுவந்த ஹார்வி லிட்டில்டன்: ஸ்டூடியோ கண்ணாடிக் கலை பிறந்தது எப்படி?

ஓவியர் தன் வீட்டிலேயே ஓவியம் தீட்டலாம். குயவர் தன் சூளையிலேயே பானையைச் சுடலாம். ஆனால், கண்ணாடியைத் தன் கையால் உருக்கி, ஊதி வடிவம் தர விரும்பிய கலைஞருக்கு 1960-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இடமே இல்லை. கண்ணாடி என்பது தொழிற்சாலையின் சொத்து. கலைஞர் காகிதத்தில் வடிவத்தை வரைந்து கொடுப்பார். உலைக்கு முன் நிற்கும் தொழிலாளர் குழு அதைச் செய்து முடிக்கும். இந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹார்வி லிட்டில்டன்.

கண்ணாடி நகரில் பிறப்பு

நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் 1922-ஆம் ஆண்டு பிறந்தார் லிட்டில்டன். அவரது தந்தை ஜெஸ்ஸி லிட்டில்டன், கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் இயற்பியல் அறிஞராகப் பணியாற்றியவர். வெப்பம் தாங்கும் பேட்டரி ஜாடியின் அடிப்பகுதியை அறுத்து 1913-இல் அவர் வீட்டுக்குக் கொண்டுவர, அதில் அவருடைய மனைவி கேக் சுட்டார். 1915-இல் விற்பனைக்கு வந்த பைரெக்ஸ் சமையல் பாத்திரங்களுக்கு வித்திட்ட நிகழ்வு இது.

தந்தையின் விருப்பப்படி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிலத் தொடங்கிய லிட்டில்டன், பின்னர் கலையின் பக்கம் திரும்பினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய பின் தொழில்சார் வடிவமைப்பில் பட்டம் பெற்றார். கிரான்புரூக் கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை பயின்று, 1951-இல் மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அக்கலையின் ஆசிரியரானார்.

ஐரோப்பியப் பயணம் தந்த நம்பிக்கை

1957-58-இல் ஐரோப்பா சென்ற லிட்டில்டன், பாரீஸில் தனியாகக் கண்ணாடிக் கலையில் ஈடுபட்டிருந்த ழான் சாலாவைச் சந்தித்தார். இத்தாலியின் முரானோ தீவில், தொழிற்சாலைகளின் பெரிய உலைகளோடு, பார்வையாளர்களுக்குச் செய்துகாட்டுவதற்கான சிறிய உலைகளையும் கண்டார். சிறிய உலை சாத்தியம் என்றால், தனி ஒருவரின் கண்ணாடிக் கூடமும் சாத்தியமே என்ற எண்ணம் அங்கு வலுப்பெற்றது.

டொலிடோவில் எட்டிய திருப்பம்

1962 மார்ச் மாதம் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில், சிறிய கொட்டகை ஒன்றில் பயிலரங்கு தொடங்கியது. லிட்டில்டன் தாமே கட்டிய சிற்றுலையில் முதலில் உருக்கிய கண்ணாடி ஊதுவதற்கு ஏற்றதாக அமையவில்லை. அப்போது கைகொடுத்தவர் டொமினிக் லபினோ. கண்ணாடி இழை தயாரிக்கும் நிறுவனமொன்றில் ஆராய்ச்சிப் பொறுப்பு வகித்த அவர், இழை தயாரிப்புக்குப் பயன்படும் கண்ணாடிக் கோலிகளை வழங்கினார். அவை எளிதில் உருகின. ஓய்வுபெற்ற கண்ணாடித் தொழிலாளி ஹார்வி லீஃப்கிரீன், ஊதுகுழலைக் கையாளும் முறையைக் காட்டினார்.

கலைஞர், ஆராய்ச்சியாளர், தொழிலாளி ஆகிய மூவரின் அறிவு ஒன்று சேர்ந்ததால்தான் அந்தச் சோதனை வெற்றி பெற்றது. அதே ஆண்டு ஜூனில் இரண்டாம் பயிலரங்கு நடைபெற்றது.

மாணவர்களே பெரும் படைப்பு

கண்ணாடியுடன் தனித்துப் போராடிய கலைஞர்கள் லிட்டில்டனுக்கு முன்பும் இருந்தனர். பிரான்ஸ் ஓவியர் மொரீஸ் மரினோ, தொழிற்சாலை ஒன்றின் மூலையில் தாமே கண்ணாடி ஊதிப் புகழ்பெற்றார். 1937-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டதும் அவரது கண்ணாடிப் பணியும் நின்றது. பாரம்பரியக் கூடங்களிலோ, நுட்பங்கள் பரம்பரை ரகசியங்களாகவே காக்கப்பட்டன.

லிட்டில்டன் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தார். முதலில் தமது பண்ணையிலும், 1963 முதல் பல்கலைக்கழகத்திலும் கண்ணாடி ஊதும் கலையைப் பாடமாகக் கற்பித்தார். உலை கட்டும் முறை உட்பட, தாம் அறிந்த எதையும் மறைக்கவில்லை. மாணவர்கள் வேறு பல்கலைக்கழகங்களுக்குச் சென்று புதிய துறைகளைத் தொடங்கினர். மார்வின் லிபோஃப்ஸ்கி 1964-இல் பெர்க்லியில் கற்பிக்கத் தொடங்கினார். சாம் ஹெர்மன் இக்கலையைப் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டு சென்றார். டேல் சிஹூலி, 1971-இல் வாஷிங்டன் மாநிலத்தில் பில்சக் கண்ணாடிப் பள்ளியை நிறுவியவர்களுள் ஒருவர்.

நுட்பமா, வடிவமா?

நுட்பம் மலிவானது என்ற பொருளில் 1972-இல் லிட்டில்டன் கூறிய கருத்து நீண்ட விவாதத்தைக் கிளப்பியது. கலைஞருக்குச் சொல்ல ஏதும் இல்லாவிட்டால் கைத்திறன் மட்டும் போதாது என்பதே அதன் சாரம். ஆனால், கைத்திறனை அவர் புறக்கணிக்கச் சொல்வதாகவே பலரும் புரிந்துகொண்டனர். தொடக்ககாலப் படைப்புகள் பல தடித்தும் கோணலாகவும் இருந்தது அந்த விமர்சனத்துக்கு வலுச் சேர்த்தது.

பதிலை அடுத்த தலைமுறை தேடிக்கொண்டது. 1968-இல் வெனிஸ் சென்ற சிஹூலி, அங்குள்ள கைவினைஞர்கள் குழுவாக உழைப்பதைக் கண்டு, அம்முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். தனி ஒருவரின் கைக்காகத் தொடங்கிய இயக்கம், இவ்வாறு மீண்டும் கூட்டு உழைப்பைத் தழுவியது. ஆனால் ஒரு வேறுபாடு: இம்முறை கலைஞர் உலைக்கு அருகிலேயே இருந்தார்.

ஓய்விலும் ஓயாத தேடல்

1970-களின் பிற்பகுதியில் பேராசிரியர் பணியிலிருந்து விலகிய லிட்டில்டன், வட கரோலினாவின் ஸ்புரூஸ் பைன் நகரில் கூடம் அமைத்தார். வளைந்து இறங்கும் வண்ணக் கண்ணாடிச் சிற்பங்கள் அவருக்குத் தனி அடையாளம் தந்தன. உலோகத் தகட்டுக்கு மாற்றாகக் கண்ணாடித் தகட்டிலிருந்து படங்களை அச்சிடும் முறையையும் வளர்த்தெடுத்தார். நியூயார்க்கின் முக்கிய அருங்காட்சியகங்களில் அவரது படைப்புகள் இடம்பெற்றுள்ளன.

2013 டிசம்பரில், தமது 91-ஆவது வயதில் லிட்டில்டன் காலமானார். டொலிடோ பயிலரங்கின் 50-ஆம் ஆண்டு நிறைவு அமெரிக்க அருங்காட்சியகங்களில் கொண்டாடப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது. கொட்டகையில் மூட்டிய சிறிய உலையின் நெருப்பு, அதற்குள் பல நாடுகளின் வகுப்பறைகளுக்குப் பரவியிருந்தது.