எலி செல்லில் விளையும் "ரத்த ஊசி"! சர்க்கரை ஒட்டாவிட்டால் பயன் இல்லை

தென்காசி:-

குற்றாலத்தில் சாரல் அடித்து அருவி கொட்டுகிற நாளிலும், தென்காசியில் தண்ணீரை டம்ளரில் அளந்து குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிட்னி பழுதாகி, வாரத்துக்கு 2, 3 தடவை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள்.

இவர்களில் பலருக்கு டயாலிசிசோடு ஒரு ஊசியும் உண்டு. ரத்தம் ஊறுவதற்காகப் போடுவது. சீட்டில் டாக்டர் எழுதும் பெயர் எரித்ரோபொய்டின். சுருக்கமாக ஈ.பி.ஓ.

இந்த மருந்தின் எடையில் 100-க்கு சுமார் 40 பங்கு சர்க்கரை!

கேட்டதும் பலருக்கு முகம் மாறும். நிறையப் பேருக்குக் கிட்னி போனதே சர்க்கரை வியாதியால்தான். "சுகர்காரனுக்கு சர்க்கரை ஊசியா? வேண்டவே வேண்டாம்" என்று எழுந்து போய்விடாதீர்கள்.

4 ஆயிரம் யூனிட் ஊசி ஒன்றில் இருக்கும் மருந்து எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமை லட்சம் பங்காக்கினால் அதில் மூன்று, நாலு பங்கு. டீக்கடைச் சீனியில் ஒரே ஒரு மணி இதைவிடப் பல மடங்கு கனம். தவிர, இது தித்திக்கிற சீனியும் அல்ல. புரதத்தில் சங்கிலியாக ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு வகைச் சர்க்கரை. ரத்தத்தில் சுகரை ஏற்றாது.

கல்லீரல் செக்போஸ்ட்

"ரத்த அணுக்களை உண்டாக்கு" என்று எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் புரதம் ஈ.பி.ஓ. நல்ல கிட்னி இதைத் தானே சுரக்கும். கிட்னி போனால் உத்தரவும் நின்றுபோகும். ஆள் வெளுத்துப் போவார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

இந்தப் புரதத்தில் 4 இடங்களில் சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. சங்கிலியின் நுனியில் சியாலிக் அமிலம் என்று ஒரு மூடி. மூடி இல்லாமல் வந்தால், புளியரை செக்போஸ்டில் பெர்மிட் இல்லாத லாரியை ஓரங்கட்டுகிற மாதிரி, கல்லீரல் பிடித்து உள்ளே போட்டுக்கொள்ளும். சில நிமிடங்களில் கதை முடிந்தது. போட்ட ஊசி வீண்.

இன்சுலினை பாக்டீரியாவில் தயாரிக்கிறார்கள். அதில் சர்க்கரைச் சங்கிலி கிடையாது, தொல்லை இல்லை. ஈ.பி.ஓ.வுக்கு அந்த வழி உதவாது. சாதாரண பாக்டீரியாவுக்கு இந்தச் சங்கிலியை ஒட்டத் தெரியாது. பாலூட்டியின் செல்தான் வேண்டும்.

கடத்தி வந்த எலி

அந்தச் செல் வந்த கதை ஒரு கடத்தல் கேஸ் மாதிரி இருக்கிறது.

1948-ம் ஆண்டு கடைசி. சீனாவில் உள்நாட்டுப் போர். ராபர்ட் வாட்சன் என்ற அமெரிக்க டாக்டர், ஹாம்ஸ்டர் என்ற குட்டைவால் எலிகளைப் பெட்டியில் போட்டு விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் எலியின் சினைப்பையிலிருந்து 1957-ல் தியோடர் பக் என்ற விஞ்ஞானி செல்களை எடுத்து வளர்த்தார். எலி எப்போதோ செத்துப்போச்சு. செல்கள் மட்டும் இன்றைக்கும் பெருகிக்கொண்டே இருக்கின்றன! அமெரிக்காவில் 1989-ல் அனுமதி பெற்ற ஈ.பி.ஓ. ஊசி இந்தச் செல்லில் விளைந்ததுதான். இப்போது இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன.

ஆனால் எலி ஒட்டுகிற சர்க்கரை, மனிதன் ஒட்டுகிற சர்க்கரைக்கு அச்சு அசல் அல்ல. ஓட்டத்தில் ஜெயிக்க ஈ.பி.ஓ. திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்ட வீரர்கள் மாட்டியதும் இதனால்தான். சொந்த ஈ.பி.ஓ.வுக்கும் ஊசி ஈ.பி.ஓ.வுக்கும் சர்க்கரையில் வித்தியாசம். சிறுநீரில் அதைக் கண்டுபிடிக்கும் சோதனை 2000-ல் வந்தது. கைரேகை மாதிரிதான்!

வேலூர் டாக்டர் சொன்னது

இந்த வித்தியாசத்தால் நோயாளிக்குக் கெடுதல் உண்டா? இதைத் தோண்டித் துருவியவர் நம் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டருக்குப் படித்த அஜித் வர்கி. அமெரிக்காவில் சான் டியேகோவில் பேராசிரியர்.

சியாலிக் அமிலத்தில் ஒரு வகையை எலி, மாடு, ஆடு எல்லாம் தயாரிக்கும். மனிதன் தயாரிப்பதில்லை. அந்த ஜீன் நம்மிடம் பழுதாகிவிட்டது. இரண்டு வகைக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஆக்சிஜன் அணு. ஆனாலும் நம் உடம்பு "இது வெளியாள்" என்று எதிர்ப்பு காட்டும். செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தில் இந்த எலிச் சர்க்கரை இருப்பதை 2010-ல் வர்கியின் குழு வெளியிட்டது. பரிகாரமும் சொன்னார்கள். செல்லுக்கு மனித வகைச் சர்க்கரையைத் தீனியாகக் கொடுத்தால் எலி வகை குறைந்துவிடும்.

அதே மருந்தில் வேறொரு எலிச் சர்க்கரையும் உண்டு. அமெரிக்காவின் டென்னசி, வட கரோலினா பகுதிகளில் முதல் ஊசியிலேயே பலர் அலர்ஜியில் சுருண்டார்கள். 2008-ல் காரணம் தெரிந்தது. அந்தச் சர்க்கரைக்கு ஏற்கெனவே எதிரியாகிப் போன உடம்புகள்! உண்ணி கடித்ததால் வந்த வினை என்பது பிறகு தெரிந்தது.

எனவே இப்போது செல்லையே திருத்துகிறார்கள். ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை ஒட்டும் ஜீனை நீக்கிய ஹாம்ஸ்டர் செல்லில் விளைந்த ஒரு புற்றுநோய் மருந்துக்கு 2012-ல் ஜப்பான் அனுமதி கொடுத்தது. அந்த ஒரு சர்க்கரை இல்லாவிட்டால், நோய்ச் செல்லைக் கொல்லும் வேகம் பல மடங்கு கூடும். ஈ.பி.ஓ.வில் நேர் எதிர்: கூடுதலாக 2 சங்கிலிகள் ஒட்டவைத்த டார்பிபொய்டின் 2001-ல் வந்தது. ரத்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் தங்கும். வாரத்துக்கு மூன்று ஊசி குத்திக்கொண்டவருக்கு ஒன்று போதும்.

வாங்கும்போது கவனம்

எந்த ஊசி என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பி.பி. ஏறக்கூடும். ரத்த அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் போடுவார்கள். "இன்னும் ஒன்று சேர்த்துப் போடுங்க" என்று கேட்பது ஆபத்து.

மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக்கூடாது, குலுக்கவும் கூடாது. தென்காசியில் வாங்கிக்கொண்டு கடையம், சங்கரன்கோவில் என்று பஸ் ஏறுகிறவர்கள் கடையிலேயே ஐஸ் பை கேட்டு வாங்குங்கள். ஐஸ் நேராக ஊசியில் படாமல் நடுவே ஒரு துணி சுற்றிக்கொள்ளவும்.