விதைநெல் யாருடைய கையில்?

லாச்சப்பல் கடைகளில் அரிசி வாங்கும் எம்மவர், அது சம்பாவா, மொட்டைக்கறுப்பனா என்பதையே முதலில் நோக்குவர். அந்நெல் எவ்வாறு உருவாயிற்று, அதன் விதையைக் கமக்காரர் அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கலாமா என்பதை எவரும் வினவுவதில்லை. ஆயினும், ஊரில் கமம் செய்யும் உறவினருக்கு இங்கிருந்து பணம் அனுப்புவோர் எம்மிடையே பலர். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய வினா இது.

இலங்கையில் நெல்லினக் கலப்பு ஆய்வுக்குப் பேர்பெற்றது, குருநாகல் மாவட்டத்தில் 1952 இல் அமைக்கப்பட்ட பத்தலகொடை நிலையம். அங்கு பணியாற்றிய ஹெக்டர் வீரரத்ன, உள்ளூர் இனமாகிய முருங்கைக்காயன் 302 ஐ இந்தோனேசியாவின் மாஸ் என்னும் இனத்துடன் கலந்தார். அதிலிருந்து 1958 இல் எச்-4 வெளிவந்தது. இலையைத் தீய்த்துக் கதிரின் கழுத்தை முறிக்கும் எரிபந்த நோயை அது தாங்கி நின்றது. 1960களில் தீவெங்கும் அது பரவியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வகைக் கலப்பு பொறுமையை வேண்டுவது. ஓர் இனத்தின் பூவிலிருந்து மகரந்தப்பைகளை நீக்கி, மற்றையதன் மகரந்தத்தைத் தூவுவர். பிறக்கும் பயிர்களை ஆறேழு தலைமுறை விதைத்து, நோய் தாங்குவனவற்றையும் நல்ல மணி தருவனவற்றையும் மட்டுமே தெரிந்தெடுப்பர். குணம் நிலைபெற்ற பின்னரே இனம் வெளியிடப்படும். பிற்காலத்துப் பீஜி 300, பீஜி 352 முதலியனவும் இவ்வழி வந்தவையே. பீஜி என்பது பத்தலகொடையைக் குறிக்கும். முன்னது 3 மாத நெல், பின்னது மூன்றரை மாத நெல். இவற்றின் விதையைக் கமக்காரர் தாமே எடுத்துவைக்கலாம்.

வீரியக் கலப்பின நெல் இதனின்றும் வேறானது. சீன அறிஞர் யுவான் லோங்பிங்கின் முயற்சியால் 1976 முதல் அது அந்நாட்டு வயல்களில் பரவியது. கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் 1994 இல் கோ.ஆர்.எச் 1 என்னும் இனத்தை வெளியிட்டது. முதல் தலைமுறையின் வீரியத்தால் விளைச்சல் நூற்றுக்குப் பதினைந்து, இருபது வீதம் கூடக்கூடும். ஆனால் அவ்வீரியம் அத்தலைமுறையோடு குன்றிவிடும். அறுவடையில் எடுத்த நெல்லை மீண்டும் விதைப்பின் உயரமும் முதிர்ச்சியும் ஒவ்வாத கலவைப் பயிரே எழும். ஆகவே ஒவ்வொரு போகமும் விதையைப் பணம் கொடுத்தே வாங்க வேண்டும்.

சோற்றின் தரத்திலும் சிக்கலுண்டு. அப்பயிரின் கதிரிலுள்ள மணிகள் உண்மையில் இரண்டாந் தலைமுறை. பெற்றோர் இனங்களின் மாத்தன்மை வேறுபட்டிருப்பின், ஒரே பானையில் ஒரு மணி குழையும், மற்றொன்று விறைத்து நிற்கும். இதனாலேயே இன்று மாத்தன்மை ஒத்த பெற்றோரைத் தேடுகின்றனர்.

வீரியக் கலப்பினம் வேண்டாம் என்பதன்று எமது கருத்து. நீரும் முதலும் உள்ளவருக்கு அது பயன் தரும். ஆனால் 1995 இல் வலிகாமத்தையும், 2009 இல் வன்னியையும் விட்டுப் பெயர்ந்தோரால் விதைநெல்லைச் சுமந்து செல்ல இயன்றதா? வெறுங்கையுடன் வயலுக்குத் திரும்பியவருக்கு, நிலைபெற்ற இனமாயின் அயலவர் 2 புசல் விதை கடன் கொடுத்து ஏக்கர் நிலத்தை விதைக்கச் செய்யலாம். வீரிய விதையை அவ்வாறு கைமாற்ற முடியாது.

எனவே அடுத்த காலபோகத்துக்குப் பணம் அனுப்புமுன், எந்த நெல், விதை எடுத்துவைக்கக்கூடியதா என்று உறவினரிடம் கேட்டறியுங்கள். முருங்கைக்காயன் போன்ற பழைய இனத்தை எவரேனும் இன்னும் விதைப்பாராயின், அதைக் கைவிட வேண்டாமென்றும் கூறுங்கள். நோய் தாங்கும் நாளைய நெல்லுக்கும் பெற்றோர் தேவை.