கொல்லைத் தோட்டமும் குப்பைக் குழியும்

கொல்லையில் காய்கறி பயிரிட வேண்டுமென்பது கிராமத்தாருக்குப் புதிய செய்தியன்று. ஆடிப் பட்டத்தில் அவரை, புடல், பூசணி முதலியவற்றை ஊன்றுவோர் பலர். முதல் வருஷம் நன்றாய்க் காய்க்கிறது. மூன்றாம் வருஷத்தில் கொடி மெலிந்து, இலை வெளுத்து, காய் சிறுத்துப் போகிறது. அப்போது விதையின்மேல் குறை சொல்லப்படுகிறது. பெரும்பாலும் குற்றம் விதையினுடையதன்று. காயும் கீரையுமாக நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட சத்து நிலத்திற்குத் திரும்பவில்லை. திரும்பவேண்டிய பொருளோ தெருக்கோடிக் குப்பைமேட்டில் வெயிலில் காய்ந்தும் மழையில் கரைந்தும் வீணாகிறது.

இக்குப்பையை நல்ல எருவாக்கும் முறையொன்றை ஆல்பர்ட் ஹோவர்ட் என்பவர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பரீட்சித்து, யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931-ல் நூலாக வெளியிட்டார். இந்தூர் முறை என்று பெயர் பெற்ற இதற்கு விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருள் ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்திற்கு ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள குழி போதும். ஆழம் இரண்டடிக்கு மேற்படலாகாது, மேற்பட்டால் அடியிலுள்ளவற்றிற்குக் காற்று எட்டாது. சருகு, களை, வைக்கோல் கூளம், காய்கறித் தோல் ஆகியவற்றை அரையடி கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் சாணிக்கரைசலைத் தெளித்து, கொஞ்சம் மண்ணும் அடுப்புச் சாம்பலும் தூவவேண்டும். இவ்வாறே அடுக்கடுக்காய் நிரப்பி, ஈரம் காயாமல் காத்து, இரண்டு வாரத்திலும், ஒரு மாதத்திலும், இரண்டு மாதத்திலும் கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் எரு தயாராகும். மழைக்காலத்தில் குழியில் நீர் கட்டுமாதலால் அப்போது தரைமேல் குவிப்பதே நலம்.

குழி சரியாக வேலை செய்கிறதா என்று அறியக் கருவி வேண்டியதில்லை. முதல் வாரத்தில் கடப்பாரையை நடுவில் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டால் நன்றாய்ச் சுடவேண்டும். களைவிதையும் ஈயின் புழுவும் அந்தச் சூட்டில்தான் மடிகின்றன. சுடாமல் துர்நாற்றம் வீசினால் நீர் மிகுந்து காற்று குறைந்தது என்றறிந்து கிளறவேண்டும்; உள்ளே சாம்பல் நிறமாய் உலர்ந்திருந்தால் நீர் தெளிக்கவேண்டும். மாடில்லாத அங்கத்தினர் இதைத் தமக்கு ஆகாத காரியமென்று விட்டுவிட வேண்டாம். அண்டை வீட்டில் வாங்கிய ஒரு கூடைச் சாணத்தைக் கரைத்துத் தெளித்தாலே மக்குதல் தொடங்கிவிடும்.

மாடுள்ளவர்கள் இழப்பது வேறொன்று. மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியும், சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில் போகின்றன. எருவுக்கென்று சங்கத்தில் கடன் கேட்கும் அங்கத்தினர் சிலருடைய தொழுவத்தில், அக்கடனின் ஒரு பகுதி தினந்தோறும் தரையில் ஊறிப் போய்க்கொண்டிருக்கிறது. தொழுவத்தில் உலர்ந்த மண்ணை அரையடி பரப்பி, சில மாதங்களுக்கு ஒருமுறை அம்மண்ணை வெட்டிக் குழியில் சேர்த்தால் அது வீணாகாது.

வறட்டி எரிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரிக்கும்போது தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. ஆனால் குடியானவர் அறியாமையால் எரிக்கவில்லை, விறகில்லாமையால் எரிக்கிறார் என்பதை வோல்கர் என்ற நிபுணர் 1893-ஆம் வருஷத்து அறிக்கையிலேயே எடுத்துக் காட்டினார். காஸ் அடுப்பு வந்த வீடுகளில் இக்காரணம் நீங்கியது. மற்றவர்கள் வேலியோரம் பூவரசும் கிளுவையும் வைத்தால் விறகுக்கும் ஆகும், தழைக்கும் ஆகும். சீமைக் கருவேலை மட்டும் வைக்கலாகாது. ஆடுமாடுகள் நெற்றைத் தின்று விதையை ஊரெங்கும் பரப்பிவிடும்.

இவ்வளவு பாடும் காய்கறிச் செலவை மிச்சப்படுத்துவதற்கு மாத்திரமன்று. அந்தி மங்கியதும் குழந்தை வாசற்படியில் தடுக்கி விழுமானால் அது மாலைக்கண்ணின் அறிகுறியாயிருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். உணவில் வைட்டமின் ‘ஏ’ குறைவதால் வருவது இந்நோய். முற்றினால் கருவிழி வெளுத்துப் பார்வை மீளாமற் போகும். முருங்கைக்கீரை, அகத்தி, பொன்னாங்கண்ணி, பழுத்த பப்பாளி ஆகியவை அந்தச் சத்தைத் தருபவை. கீரையில் சிறிது எண்ணெய் சேர்த்தால்தான் அது உடம்பில் நன்றாய்ச் சேரும். வெயிலில் உலர்த்தினால் பெரிதும் கெடுமாதலால் நிழலில் உலர்த்தவேண்டும்.

முருங்கைப் போத்து நட்டால் கிணறு தூரமான வீட்டிலும் பிழைக்கும். வேர் பிடிக்கும் வரையில்தான் நீர் தேவை. ஆனால் ஈரம் தேங்கும் இடத்தில் அது அழுகிவிடும். ஆகையால் பாத்திரம் கழுவிய நீர் வந்து விழும் பள்ளத்தில் வாழையையும் சேம்பையும் வைத்து, முருங்கையை மேட்டில் நடுவதே முறை.