கூட இருக்கிறவர் – 17: களக்காட்டில் ஒரு குழி

1931 அக்டோபர் 24, சனிக்கிழமை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. களக்காட்டில் மருந்தகம் வைப்பதற்காக வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டைப் பார்க்க டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்துவந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அங்கிருந்து வந்திருந்தார். அப்போது அவருக்கு 63 வயது. குழி இருக்கும் என்று யாரும் நினைக்காத இடத்தில் தோண்டிப் போட்டிருந்தார்கள். மங்கலான வெளிச்சத்தில் அதற்குள் விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது.

சில வாரங்களில் எழுந்து நடமாடிவிடுவார் என்றுதான் டோனாவூரில் எல்லாரும் நம்பினார்கள். அது நடக்கவில்லை. 1951 ஜனவரி 18-ல் கண்மூடும் வரை ஏறக்குறைய இருபது வருடம் அவருடைய உலகம் ஒரு அறையும் அதன் வராந்தாவும்தான்.

விழுந்த அன்று காலையில் அவர் செய்த ஜெபம் ஒன்று உண்டு. ஆண்டவருக்கு உழைக்கவும், தன் பிள்ளைகளுக்கு உதவவும் தான் இன்னும் தகுதி பெற வேண்டும், அதற்காக எதை வேண்டுமானாலும் செய்யும் என்று கேட்டிருக்கிறார். கேட்டது காலையில், விழுந்தது சாயங்காலம். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து எத்தனையோ பிரசங்கங்கள் செய்துவிட்டார்கள். எனக்கு அப்படிச் சுலபமாகச் சேர்க்க மனம் வரவில்லை. அந்தக் குழியைத் தோண்டியவர் ஆண்டவர்தான் என்று சொல்ல நான் துணியமாட்டேன். குழிக்குள்ளும் அவர் இருந்தார் என்று மட்டும் சொல்வேன். இந்த வாரம் எழுத நினைத்ததும் அதைத்தான்.

ஏமியின் கதையை நம் ஓய்வுநாள் பள்ளிகளில் சொல்லும்போது ஒரு சம்பவத்தை விடாமல் சொல்வார்கள். அயர்லாந்தில், மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் 1867-ல் பிறந்தவர் அவர். அம்மாவுக்கு நீலக் கண்கள், இவருக்குப் பழுப்பு. ஒரு ராத்திரி நீலக் கண் வேண்டுமென்று ஜெபித்துவிட்டுப் படுத்தார். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண்கள். பிறகு திருநெல்வேலிச் சீமையில் சேலை கட்டிக்கொண்டு நம் பெண்களோடு பெண்ணாக நடந்தபோது அந்தப் பழுப்புக் கண்கள்தான் உதவின. நல்ல கதை. சின்ன வயதில் நானும் பூரித்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கதையைச் சொல்வது ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது? கிடைக்காமல் போனதற்குக் காரணம் கடைசியில் தெரிந்துவிடுகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. ஒடிந்த காலுக்கு அப்படி ஒரு விடை கிடைக்கவில்லை. அதனாலேயே மேடைகளில் அந்த இருபது வருடத்தை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம்.

எப்பேர்ப்பட்ட கால்கள் அவை என்பதையும் பார்க்க வேண்டும். 1895-ல் இந்தியாவில் இறங்கியவர் ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. தொடக்கத்தில் மாட்டு வண்டியில் பெண்கள் குழுவோடு ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போனார். 1901 மார்ச்சில் பண்ணைவிளையில் இருந்தபோது பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். தேவதாசியாக்கக் கொடுத்திருந்த பிள்ளை. முன்பே ஒருமுறை தூத்துக்குடிக்குத் தப்பி ஓடிப் பிடிபட்டு, கைகளில் சூடு வாங்கியவள். அவள் சொன்னவற்றைக் கேட்டபின் ஏமியின் வாழ்க்கை வேறு திசையில் போயிற்று. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று டோனாவூரில் ஒரு வீடு உருவாகி, ஒன்று பத்தாகி, பத்து நூறாகிப் பல நூறானது. பணம் வேண்டுமென்று யாரிடமும் கேட்பதில்லை, ஆண்டவரிடம் மட்டும் கேட்பது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம். (மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊர்ப் பெயருக்குள் டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயர் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்கள் இப்படித்தான் கடல் தாண்டிப் போய் வரும்.) பிள்ளைகள் அவரை அம்மா என்றார்கள். தொட்டிலுக்கும் சமையல்கட்டுக்கும் மலைக்காட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்த அந்த அம்மா ஒரே சாயங்காலத்தில் படுக்கையில் விழுந்தார்.

நீண்ட நாள் படுக்கையில் கிடந்து மற்றவர்களுக்குப் பாரமாகாமல் சட்டென்று போய்விட வேண்டும் என்பது அவர் ஆசையும் ஜெபமுமாக இருந்தது. அது கிடைக்கவில்லை. சுகத்துக்காக டோனாவூர்க் குடும்பமே ஜெபித்தது. அதுவும் கிடைக்கவில்லை. வலியும் தூக்கமில்லாத ராத்திரிகளும் நிலைத்துவிட்டன. போதாததற்கு 1948-ல் அந்த அறைக்குள்ளேயே மறுபடியும் விழுந்தார். அதன்பின் கட்டிலை விட்டு எழவே இல்லை.

அந்தப் படுக்கைக்கு ஆறுதல் சொல்லும் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. எல்லாம் நோயாளிகளுக்காக அச்சடித்தவை, நல்ல வசனங்கள் உள்ளவை. அவை தன்னை ஏன் தொடவில்லை என்று யோசித்த ஏமிக்கு ஒன்று புலப்பட்டது. எழுதியவர்கள் நல்ல சுகத்தோடு இருந்தவர்கள். அதனால் படுத்திருப்பவரே படுத்திருப்பவர்களுக்கு எழுதத் தொடங்கினார். நோயாளிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1933-ல் ஒரு புத்தகமாகவே வந்தன. வலியை வலி என்றே அவற்றில் எழுதினார். அந்த அறையிலிருந்து பத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் வெளிவந்தன. தேவதாசியாக்கப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் வந்தபோதும் அவர் படுக்கையில்தான் இருந்தார்.

தானியேல் புத்தகத்தில் வரும் மூன்று வாலிபர்களை நினைத்துக்கொள்கிறேன். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், தப்புவிக்காமல் போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்ற கருத்தில் ராஜாவிடம் சொல்லிவிட்டுத்தான் சூளைக்குள் போனார்கள். அந்த இரண்டாவது பாதியை நாம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. சூளை அணையவில்லை. நேபுகாத்நேச்சார் எட்டிப் பார்த்தபோது உள்ளே நாலாவதாக ஒருவர் உலாவிக்கொண்டிருந்தார். ஏமியின் அறையிலும் நெருப்பு அணையவில்லை. உள்ளே இருந்தவரைப் பற்றி அவர் இருபது வருடம் எழுதினார்.

இதை எழுதும்போது என் அம்மாதான் கண்முன் நிற்கிறாள். இடுப்பெலும்பு முறிந்து பாளையங்கோட்டை வீட்டில் அவள் படுத்திருந்த மாதங்களில் பார்க்க வராதவர்கள் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டில், ஆரஞ்சுப் பழம், ஒரு வசனம், ஒரு ஜெபம். அன்போடுதான் வந்தார்கள். அதில் ஒருவர், விசுவாசத்தோடு கேட்டால் நாளைக்கே எழுந்து நடக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. தன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துவிட்டாள். படுத்திருப்பவர் தலையில் இந்தப் பாரத்தையும் ஏற்றுவது பாவம். கூசாமல் சொல்கிறேன், பாவம்.

இன்னொரு நாள் அடுத்த தெருவிலிருந்து ஒரு சித்தி வந்தார்கள். அவர்களுக்கும் முன்னாலேயே இதே மாதிரி எலும்பு முறிந்திருந்தது. வாக்கரை ஊன்றிக்கொண்டு, திண்ணைப் படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறி வந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ராத்திரியிலதான் உயிர் போவுமே, என்னக்கா?” என்றார்கள். விழுந்த நாளிலிருந்து கண் கலங்காத அம்மா அன்றுதான் அழுதாள். சித்தி வசனம் எதுவும் சொல்லவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

டோனாவூரில் ஏமியைப் புதைத்த இடத்தில் கல்லறைக் கல் கிடையாது. வேண்டாமென்று சொல்லியிருந்தார். பறவைகள் குடிக்கத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து, அதில் ‘அம்மை’ என்று பொறித்திருக்கிறார்கள். அம்மா ஓரளவு நடமாடத் தொடங்கியபின் அங்கே போய்வரலாமா என்று கேட்டேன். கார் பயணம் இடுப்புக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள்.

அவள் படுத்திருந்த மாதங்களில் நான் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பேன். ஒரு நாள் மூன்று மணி இருக்கும், பேச்சுக் குரல் கேட்டு விழித்தேன். தண்ணீர் கேட்கிறாள்போல என்று எழுந்து செம்பை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன்.

“ஒன்னயக் கூப்பிடலய்யா,” என்றாள் அம்மா. “நீ படு.”

(தொடரும்)